முந்திரிகைச் செய்கை: ஆராய்ச்சி எங்கிருந்து தொடங்க வேண்டும்?

இவ்வரிசையில் வெளிவரும் துண்டுப்பிரசுரங்கள் பெரும்பாலும் கமக்காரருக்கு அறிவுரை கூறுவன. எத்தனை அடி இடைவெளியில் நடுவது, எவ்வளவு பசளை இடுவது, எந்த நோய்க்கு எந்த மருந்தைத் தெளிப்பது என்று சொல்வது அவற்றின் வழக்கம். இப்பிரசுரம் அத்தகையதன்று. முந்திரிகைச் செய்கையில் உறுதியான அறிவுரை கூறுவதற்கு வேண்டிய ஆராய்ச்சி நம் மண்ணில் இன்னும் போதிய அளவு நடைபெறவில்லை என்பது என் எண்ணம். அவ்வாராய்ச்சி எதிலிருந்து தொடங்க வேண்டும், அதிற் கமக்காரரின் பங்கு யாது என்பவற்றையே இங்கு எழுத முற்படுகின்றேன். கருத்து என்னுடையது, பிழை இருப்பின் அதுவும் என்னுடையதே.

பிற இடத்தார் திராட்சை என்று சொல்வதை யாழ்ப்பாணக் குடாநாட்டார் முந்திரிகை என்பர். நெல்லும் மரக்கறியும் செய்வோருக்கு அதைப் பற்றிய பேச்சு எதற்கு என்று வாசிப்போர் கேட்கலாம். என் பிரிவிலே முந்திரிகை ஒன்றையே நம்பி வாழும் கமக்காரர் ஒருவரும் இலர். மாரியில் வயலை விதைத்து, கோடையில் வெங்காயமும் மிளகாயும் பீற்றூட்டும் செய்பவரே கிணற்றுக்கு அண்மையில் நாலு பரப்பிலோ எட்டுப் பரப்பிலோ பந்தலிட்டு முந்திரிகையும் வளர்க்கின்றார். இனி வளர்க்க எண்ணியிருப்பவரும் அவரே. வெங்காயம் பொய்த்தால் மூன்று மாதத்தில் வேறு பயிருக்கு மாறிவிடலாம். முந்திரிகையோ தூணும் கம்பியும் நாட்டிப் பணத்தை மண்ணிற் புதைத்தபின், முதற் குலையை ஒழுங்காகக் காண்பதற்கே ஒன்றரை, இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டிய பயிர். அது பதினைந்து ஆண்டு அவ்விடத்தை விட்டு அசையாது. இனத்தைத் தேர்வதிற் பிழைத்தாலும், காலத்தைக் கணிப்பதிற் பிழைத்தாலும், அப்பிழையும் அத்தனை ஆண்டும் கூடவே நிற்கும்.

நெல்லோடு ஒப்பிட்டுப் பார்த்தால் நிலைமை விளங்கும். பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1950களின் பிற்பகுதியில் எச்-4 என்னும் இனம் வெளிவந்தது. அதன் பின் வந்த இனங்கள் பல. இன்று நாம் மூன்று மாத நெல் வேண்டுமா, மூன்றரை மாத நெல் வேண்டுமா என்று கேட்டு விதை வாங்குகின்றோம். உவர் நிலத்துக்கு ஏ.ரி. 354 உண்டு என்று அறிந்திருக்கின்றோம். அவ்வாறு கேட்டு வாங்குவதன் பின்னால் அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட பாத்திகளும் பதிவேடுகளும் இருக்கின்றன. முந்திரிகைக்கோ, அயலவர் தோட்டத்திலிருந்து இரண்டு தடி முறித்து வந்து நட்டோம் என்பதே பெரும்பாலும் வரலாறு.

இனி, இவ்வெண்ணம் எனக்கு எவ்வாறு உண்டாயிற்று என்பதைச் சொல்கின்றேன். விவசாயப் பாடசாலையில் டிப்ளோமாப் பெற்று உத்தியோகத்துக்கு வந்த புதிதில், இந்தியாவில் அச்சான முந்திரிகைக் கைந்நூல் ஒன்று என்னிடம் இருந்தது. மகாராட்டிரத்தில் ஆண்டுக்கு இருமுறை கொடியைக் கத்தரிப்பர். ஏப்பிரலில் ஒருமுறை தடி வளர்வதற்காகவும், ஒக்ரோபரில் ஒருமுறை பழத்துக்காகவும் அது செய்யப்படும் என அந்நூல் தெளிவாக எழுதியிருந்தது. கமக்காரர் ஒருவர் எட்டுப் பரப்பிற் பந்தலிட்டு, கொடி நன்கு படர்ந்தபின் என்னிடம் காலம் கேட்டார். என்னிலும் முப்பது வயது மூத்தவர் அவர். நான் நூலைப் பார்த்து ஒக்ரோபர் என்றேன். அவர் சற்றுத் தயங்கினார். எனினும் அரசாங்க உத்தியோகத்தன் சொல்லாயிற்றே என்று கத்தரித்துவிட்டார்.

கண் நன்றாகவே வெடித்தது. தளிரோடு பூங்குலைகளும் வந்தன. கார்த்திகை மழையும் உடன் வந்தது. இலையின் அடிப்புறத்தில் வெண்பூஞ்சணம் படர்ந்து, பூங்குலைகள் கருகி, இரண்டு கிழமைக்குள் பந்தலின் கீழ் நிலமெல்லாம் சருகாயிற்று. நான் சென்று நின்றபோது அவர் கோபிக்கவில்லை. "தம்பி, உங்கடை புத்தகத்து ஐப்பசியும் எங்கடை ஐப்பசியும் ஒண்டோ?" என்று மட்டும் கேட்டார். அவ்வாண்டு அவருக்கு முந்திரிகையில் ஒரு சதமும் வரவில்லை.

நூல் பொய் சொல்லவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். மகாராட்டிரத்தில் யூன் முதல் செத்தெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஒக்ரோபர் அங்கே மழை ஓயும் காலம். குடாநாட்டில் ஆண்டு மழை ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர். அதிற் பெரும்பங்கு ஒக்ரோபர் முதல் திசெம்பர் வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு வருவது. அவர்களுக்கு மழை முடியும் மாதம் நமக்கு மழை தொடங்கும் மாதம். அந்த ஒன்றை எண்ணிப் பாராது பிற நாட்டு அறிவுரையை அப்படியே இங்கு இறக்கியது என் பிழை. வித்துவம் பெரிதாகத் தேவைப்படாத ஒரு பிழை அது. வீட்டு முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்திருந்தாலே போதும்.

ஆதலால் முதல் ஆராய்ச்சி கத்தரிக்கும் காலத்தைப் பற்றியதாகவே இருத்தல் வேண்டும் என்பது என் துணிபு. குளிர் நாடுகளில் முந்திரிகைக் கொடி பனிக்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும். கமக்காரன் அப்போது கத்தரிப்பான். வசந்தத்தில் அது தானே விழிக்கும். நம் நாட்டிற் கொடிக்கு உறக்கமே இல்லை. நாம் வெட்டும் நாளே அதற்குப் பனிக்காலமும் வசந்தமும் ஆகும். வெட்டிய ஏறத்தாழ இரண்டு கிழமையிற் கண் வெடிக்கும். ஐந்தாறு கிழமையிற் பூக்கும். மூன்றரை நான்கு மாதத்திற் பழம் முதிரும். ஆகவே வெட்டும் நாளைத் தேர்வது என்பது பூ எந்தக் காற்றில் மலர வேண்டும், பழம் எந்த வெயிலில் இனிக்க வேண்டும், சந்தைக்கு எந்த மாதத்தில் செல்ல வேண்டும் என்பவற்றையெல்லாம் ஒரே நாளிலே தீர்மானிப்பதாகும். இவ்வாய்ப்புக் குளிர் நாட்டானுக்கு இல்லை, நமக்கு உண்டு. அதனை நாம் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்துகின்றோம்.

மாரி ஓய்ந்தபின் வெட்டுவது நம்மவர் வழக்கம். ஆனால் மார்கழிக் கடைசியிலா, தை நடுவிலா, மாசியிலா என்பதில் இரு தோட்டம் ஒத்துப்போவதில்லை. முந்தி வெட்டினால் இளந்தளிர் தை மாசிப் பனியில் நனையும். இரவெல்லாம் இலையில் ஈரம் நிற்பது பூஞ்சணத்துக்கு மழையைப் போலவே உதவும். பிந்தி வெட்டினால் பழம் முதிரும் வேளையில் வெக்கையும் சித்திரை இடிமழையும் எதிர்ப்படும். இரண்டாம் முறை வைகாசி, ஆனியில் வெட்டுவோர் சோளகக் காற்றிலே தளிரை வளர்க்க வேண்டியவராகின்றனர். சோளகம் இலையை உலர வைத்து நோயைத் தடுக்கிறதா, தளிரை முறித்துப் பூவை உதிர்த்து நட்டம் விளைக்கிறதா? ஒரு கமக்காரர் ஒன்று சொல்கிறார். அடுத்த வேலிக்காரர் மற்றதைச் சொல்கிறார். இருவரும் தத்தம் தோட்டத்தைக் கண்ணாற் கண்டே சொல்கின்றனர். அளந்து எழுதாமையால் எவர் சொல் எந்த நிலைமைக்குப் பொருந்தும் என்று பிரித்தறிய முடிவதில்லை.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. குடாநாட்டின் வெவ்வேறு மண்ணில் ஐந்தாறு தோட்டங்களைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் வரிசைகளைப் பிரித்துப் பதினைந்து நாளுக்கு ஒரு பிரிவாகக் கத்தரித்து, வெடித்த கண், வந்த குலை, நோய் பிடித்த இலை, பழத்தின் நிறை, சாற்றின் இனிப்பு, விற்ற விலை ஆகியவற்றை மூன்று ஆண்டு தொடர்ந்து எழுதினால் போதும். மூன்று ஆண்டு என்பதைக் குறைக்கலாகாது. ஓராண்டின் மழை மற்றோராண்டின் மழையன்று. மேலும் ஒரு காரணம் உண்டு. இவ்வாண்டு காணும் குலை இவ்வாண்டு பிறந்ததன்று. அது சென்ற முறை தடி வளர்ந்தபோது கண்ணுக்குள்ளே கருக்கொண்டது. நெல்லிற் குடலை தெரியுமுன்னரே கதிர் உள்ளே உருவாகிவிடுவதை நீங்கள் அறிவீர்கள். அதனாலன்றோ மேற்கட்டுப் பசளையை அக்காலம் பார்த்து இடுகின்றோம். முந்திரிகையிலும் அவ்வாறே. தடி இளமையாக இருக்கையில் பந்தலில் இலை மூடி வெளிச்சம் விழாது போனால், கண்ணுக்குள் குலையாக வேண்டியது பற்றுச்சுருளாகிவிடும். அடுத்த முறை கத்தரித்துவிட்டுக் குலையைக் காணோமே என்று தேடுபவர், குற்றத்தை நாலைந்து மாதம் பின்னோக்கித் தேட வேண்டும்.

வெளிநாட்டு ஆராய்ச்சி ஒன்றுக்கும் உதவாது என்று நான் சொல்வதாக எண்ணலாகாது. எந்த நாட்டைப் பார்ப்பது என்பதிலேதான் கவனம் வேண்டும். பிறேசில் நாட்டின் சான் பிரான்சிஸ்கோ ஆற்றுப் பள்ளத்தாக்கிலே பெற்றொலினா என்னும் நகரைச் சூழ்ந்து பெருந்தொகையான முந்திரிகைத் தோட்டங்கள் உள்ளன. அது நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறத்தாழ ஒன்பதரைப் பாகையில் உள்ளது. யாழ்ப்பாணம் வடக்கே ஏறத்தாழ அதே தொலைவில் உள்ளது. அங்கும் கொடிக்கு உறக்கமில்லை. அங்கும் ஆண்டில் இருமுறை அறுவடை செய்கின்றனர். அவர்களுக்கு மழை நம்மிலும் மிகக் குறைவு, ஆற்று நீரைச் சொட்டுச் சொட்டாக விடுகின்றனர் என்ற வேறுபாட்டை மறக்கக் கூடாது. அந்நாட்டு ஆராய்ச்சியாளர் 2012இல் பி.ஆர்.எஸ். விற்றோரியா என்னும் கறுப்பு விதையில்லா இனத்தை வெளியிட்டனர். கீழ்ப்பூஞ்சண நோயைத் தாங்கும் தன்மை அதற்கு உண்டு. நமக்குப் பக்கத்திலே தமிழ்நாட்டின் கம்பம் பள்ளத்தாக்கிற் பன்னீர்த் திராட்சை செய்வோரும் ஆண்டு முழுவதும் கத்தரிப்பைப் பகுத்துச் செய்கின்றனர். நாம் கேட்டறிய வேண்டியது இத்தகைய இடங்களில்.

இவ்விடத்தில் ஒரு கருத்து வேறுபாட்டையும் சொல்லிவிடுகின்றேன். கொழும்புக் கடைகளில் இறக்குமதியான விதையில்லாப் பழங்களைக் கண்டு, நம்மிடமுள்ள இஸ்ரேல் புளூவைப் பிடுங்கிவிட்டு அவ்வினங்களைக் கொண்டுவந்து கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்போர் உளர். நான் அக்கட்சியைச் சேர்ந்தவனல்லன். தொம்சன் விதையில்லா இனத்திலே தடியின் அடிப்பகுதிக் கண்கள் பெரும்பாலும் குலை தருவதில்லை. தடியைக் குறுக வெட்டினால் இலை வரும், குலை வராது. அதைக் கத்தரிக்கும் முறை வேறு. அதன் பழத்தைப் பருக்கச் செய்ய ஜிபரெலின் என்னும் வளர்ச்சிப் பொருளையும் அளவறிந்து தெளிக்க வேண்டும். (இந்த ஜிபரெலின் நெற்பயிரிலிருந்து வந்த அறிவு என்பது நெற்கமக்காரருக்கு வியப்பாக இருக்கலாம். நாற்று அளவுக்கு மீறி நெடுத்து வீழும் நோயை ஆராய்ந்த யப்பானியராகிய குரொசாவா, அந்நோயின் பூஞ்சணம் சுரக்கும் பொருளே அதற்குக் காரணம் என 1926இல் காட்டினார். நாற்றைக் கெடுத்த பொருள் பின்னாளிற் பழத்தைப் பருக்கச் செய்யப் பயன்பட்டது.) இனம் மாறினால் முறை முழுவதும் மாறும். நம் கையிலுள்ள இனத்துக்கே காலம் தெரியாதபோது புதிய இனத்தைக் கமக்காரர் தலையிற் கட்டுவது நேர்மையாகாது. புதிய இனங்கள் வரட்டும். முதலில் ஆராய்ச்சித் தோட்டத்தில் நான்கு முறையாவது காய்க்கட்டும்.

இனத்திலும் எனக்கு முக்கியமாகப் படுவது வேர். நாம் தடியை நேரே மண்ணில் ஊன்றி அதன் சொந்த வேரிலேயே வளர்க்கின்றோம். நம் செம்மண்ணுக்கு அடியிலிருப்பது சுண்ணக்கல். கிணற்று நீரும் அக்கல்லிலிருந்து ஊறுவதால் வன்மையானது. பல தோட்டங்களில் இலையின் நரம்பு பச்சையாக நிற்க, இடைப்பகுதி மஞ்சளிப்பதைக் காணலாம். பசளை போதவில்லை என்று கமக்காரர் யூரியாவை இடுவர், மஞ்சள் மாறாது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் அதை எடுக்க இயலாமற் போவதே இதற்குப் பெரும்பாலும் காரணம்.

இதே துன்பத்தைப் பிரான்சு நாட்டார் நூற்றுமுப்பது ஆண்டுக்கு முன் பட்டனர். பிலொக்செரா என்னும் வேர்ப்பூச்சி அமெரிக்காவிலிருந்து அங்கு சென்று கொடிகளை அழித்தது. 1868இல் பிளான்சோன் என்னும் அறிஞரும் உடனிருந்தோரும் அப்பூச்சியை இனங்கண்டனர். அமெரிக்கக் காட்டுக்கொடியின் வேரில் தம் நாட்டுக் கொடியை ஒட்டினால் பூச்சி அழிக்காது என்று கண்டு அவ்வாறே செய்தனர். ஆனால் சுண்ணாம்பு நிலங்களிலே அவ்வேர்கள் மஞ்சளித்துச் செத்தன. அதனால் 1887இல் வியாலா என்பவரை அமெரிக்காவுக்கு அனுப்பினர். ரெக்சாசு மாநிலத்தில் மன்சன் என்னும் பழச்செய்கை வல்லுநர், சுண்ணக்கல் மலைச்சரிவிலே செழிப்பாக வளரும் காட்டுக்கொடியை அவருக்குக் காட்டினார். அதன் தடி எளிதில் வேர்விடாது; ஆதலால் வேறினங்களோடு கலந்து புதிய வேரினங்களை உண்டாக்கினர். 1103 பவுல்சன், 140 றுகேரி என இன்று உலகெங்கும் வழங்குபவை அவ்வழி வந்தவையே. தங்கள் மண்ணையொத்த மண்ணில் இயல்பாக வளர்வது எது என்று தேடிச் சென்றதே அவர்கள் செய்த அறிவுடைய காரியம்.

சுண்ணாம்பும் உவரும் உள்ள நம் நிலத்தில் இவ்வேரினங்களுள் எது நிற்கும்? மகாராட்டிரத்தில் வறட்சிக்கும் உவர்நீருக்குமாக டொக்ரிட்ஜ் என்னும் வேரினத்தைப் பெரிதும் பயன்படுத்துகின்றனர். கொடி அளவுக்கு மீறி வளர்வது அதன் குறை. வலிகாமத்துச் செம்மண்ணுக்கு ஒன்றும், கடலோரத்து உவர்க்கிணற்றுத் தோட்டத்துக்கு வேறொன்றும் பொருத்தமாகலாம். நான்கைந்து வேரினங்களைத் தாவரத் தொற்றுத்தடைகாப்பு முறைப்படி தருவித்து, இஸ்ரேல் புளூவை அவற்றில் ஒட்டி, சொந்த வேரில் நிற்கும் கொடியோடு பக்கத்திற் பக்கமாக நட்டுப் பார்ப்பதே இதற்கு வழி. இந்தியாவுக்குச் சென்று வருவோர் பயணப் பெட்டிக்குள் தடிகளை மறைத்துக் கொண்டுவருவதை நான் கண்டிருக்கின்றேன். அருள்கூர்ந்து அதைச் செய்யாதீர்கள். பிரான்சுக்குப் பிலொக்செரா சென்றதும் கொடியோடுதான்.

அடுத்தது நீர். குடாநாட்டின் நல்ல நீர் முழுவதும் மழையாக இறங்கிச் சுண்ணக்கல்லிலே தங்குவது. நாம் மேலே இடும் யூரியாவில் ஒரு பங்கும் அவ்வழியே இறங்குகிறது. வலிகாமத்துப் பல கிணறுகளில் நைத்திரேற்று, உலகச் சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்த இலீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையைக் கடந்துள்ளதென ஆய்வுகள் காட்டியுள்ளன. கைக்குழந்தைகளுக்கு அந்நீர் தீங்கானது. பயிருக்கு அதன் பொருள் என்ன என்று கணக்கிட்டுப் பாருங்கள். அந்த எல்லையளவு நைத்திரேற்று உள்ள நீரை ஓர் ஏக்கருக்கு ஆண்டில் 1,000 மில்லிமீற்றர் இறைத்தால், அது ஏறத்தாழ 40 இலட்சம் இலீற்றர். அதோடு நிலத்தில் விழும் நைதரசன் ஏறத்தாழ 45 கிலோகிராம். அதாவது 50 கிலோ மூடையில் இரண்டு மூடை யூரியாவுக்குச் சமன். விலை கொடுத்து வாங்காத இரண்டு மூடை கிணற்றிலிருந்தே வருகிறது. அதை அறியாமல் மேலும் இடுகின்றோம். இலை செழித்து மூடும், வெளிச்சம் குறையும், பூஞ்சணம் பெருகும், கண்ணிற் குலை குறையும். பசளைச் சிபாரிசு செய்யுமுன் ஒவ்வொரு தோட்டத்துக் கிணற்று நீரையும் பரிசோதித்துக் கணக்கிற் சேர்க்கும் ஆராய்ச்சி வேண்டும் என்பது இதனாலேயே. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இக்கணக்கு இதே அளவு பொருந்தும்.

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி நிறுத்தப்பட்டு, அவ்வாண்டு நவம்பரிலே தடை தளர்த்தப்பட்டது. கமக்காரர் பட்ட இடர் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனினும் யூரியாவே இடாது விடப்பட்ட முந்திரிகைத் தோட்டங்களில் அடுத்த பருவத்துக் குலை குறைந்ததா, கூடியதா என்பது அறிய வேண்டிய ஒன்றாக இருந்தது. விரும்பாமலே கிடைத்த பரிசோதனை அது. என் பிரிவிலே அளந்து எழுதி வைத்தவர் ஒருவரும் இலர்; நானும் எழுதவில்லை.

நோயைப் பற்றி மிகச் சொல்லலாம். ஒன்றை மட்டும் சொல்கின்றேன். கீழ்ப்பூஞ்சணத்துக்கு முதன்முதல் மருந்தான போர்டோக் கலவை ஆய்வுகூடத்தில் உதித்ததன்று. பிரான்சிலே போர்டோப் பகுதியில் வழிப்போக்கர் பழம் பறிக்காதிருக்கும்பொருட்டு, பாதையோரக் கொடிகளுக்குச் சுண்ணாம்பும் மயில்துத்தமும் கலந்து தெளித்து வைப்பது கமக்காரர் வழக்கம். 1882இல் மிலார்டே என்னும் பேராசிரியர் அவ்வழியே சென்றபோது, மற்றக் கொடிகள் இலையுதிர்த்து நிற்க, அக்கொடிகளில் மட்டும் இலை பச்சையாக இருப்பதைக் கண்டார். ஆராய்ந்து 1885இல் கலவையின் அளவை வெளியிட்டார். கமக்காரர் செய்ததும் அறிஞர் கவனித்ததும் சேர்ந்தபோதே மருந்து பிறந்தது.

நம் தோட்டங்களிலோ நாள் தவறாது மருந்தடிப்பதே பாதுகாப்பென்று கருதப்படுகிறது. பந்தலின் கீழ் நின்று மேல்நோக்கித் தெளிப்பவர் முகத்திலேயே அது சொட்டுகிறது. எத்தனை மணி நேரம் இலை நனைந்திருந்தால், எவ்வெப்பநிலையில் நோய் தொற்றும் என்பதை நம் பனிக்காலத்தில் அளந்து அறிந்தால், தேவையற்ற தெளிப்புகளை விட்டுவிடலாம். கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே விடவேண்டிய நாட்களையும் நம் வெயிலிலே அளக்க வேண்டும். 2010இல் இந்தியப் பழம் ஐரோப்பாவில் நிறுத்தப்பட்டது குளோமெக்குவாற்று என்னும் வளர்ச்சிக் கட்டுப்படுத்தியின் மிச்சம் பழத்தில் இருந்தமையாலாகும். நாம் ஏற்றுமதி செய்யவில்லையே என்று ஆறுதல் கொள்ளலாகாது. நம் பழத்தை உண்பவை நம் பிள்ளைகள். கண்ணை ஒருங்கே வெடிக்கச் செய்யும் ஐதரசன் சயனமைட்டும் இவ்வாறானதே. அது கொடிய நஞ்சு. அதைக் கையாண்ட நாளில் மது அருந்தினால் ஆபத்து இரட்டிப்பாகும். பெயர்ச்சீட்டு இல்லாத போத்தலில் எவர் தந்தாலும் வாங்காதீர்கள்.

அறுவடைக்குப் பின்னுள்ளதைச் சுருக்கமாகக் கூறலாம். இஸ்ரேல் புளூ இனிக்குமுன் நிறம்பற்றும். நிறத்தைக் கண்டு வெட்டிச் சந்தைக்கு அனுப்பினால், புளித்த பழம் என்ற பெயர் யாழ்ப்பாணத்துப் பழம் முழுவதுக்கும் வருகிறது. சாற்றின் இனிப்பை அளக்கும் சிறு கைக்கருவி ஒவ்வொரு கமக்காரர் சங்கத்திலும் ஒன்றாவது இருக்க வேண்டும். கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர் லொறியிற் செல்லும் பழம் எத்தகைய பெட்டியில் உதிராது செல்லும் என்பதையும் பரிசோதிக்கலாம். இவை ஓராண்டில் முடியும் வேலைகள்.

முடியாதது கொடியின் வேலை. 1970 முதல் 1977 வரை இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில் குடாநாட்டுத் தோட்டப் பயிர்களுக்கு நல்ல விலை இருந்தது. சந்தை திறக்கப்பட்டதும் அது சரிந்தது. பின்னர் யுத்தம். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது, இறைப்பின்றி மாதக்கணக்காகக் கிடந்த பந்தல்கள் என்னவாயின என்று நீங்களே அறிவீர்கள். தொடர்ந்து பதினைந்து ஆண்டு ஒரு கொடியைக் கவனித்து எழுதும் வாய்ப்பு இம்மண்ணுக்குக் கிடைக்கவேயில்லை. இப்போது திருநெல்வேலி ஆராய்ச்சி நிலையமும் கிளிநொச்சியிலுள்ள பிராந்திய நிலையமும் பல்கலைக்கழக விவசாய பீடமும் நமக்கு அண்மையில் இருக்கின்றன, வீதியும் திறந்திருக்கிறது. ஆயினும் ஓர் ஆய்வை இரண்டு ஆண்டுப் பணத்துக்கும், ஒரு போதனாசிரியரின் பணிக்காலத்துக்கும் அளவாக வெட்டிக்கொள்ளும் வழக்கம் முந்திரிகைக்குப் பொருந்தாது. போதனாசிரியர் இடமாற்றம் பெறுவார். கொடி இடமாற்றம் பெறாது. பதிவேடு உத்தியோகத்தனிடம் மட்டுமன்றித் தோட்டக்காரரிடமும் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனாலேயே.

மேலே சொன்ன பெரியவர் கொடியைப் பிடுங்கவில்லை. மறுவருடம் தை பிறந்தபின் தாமே ஒரு நாள் குறித்து வெட்டினார். பந்தல் நிறையக் காய்த்தது. அன்று முதல் மாட்டுக் கொட்டில் கதவின் உட்புறத்திலே கரிக்கட்டியால், வெட்டிய திகதியையும் முதற் பழம் பறித்த திகதியையும் எழுதி வருகின்றார். என் பிரிவிலே முந்திரிகையைப் பற்றி நான் கண்ட நெடுநாட் பதிவு அக்கதவு ஒன்றே. சென்ற ஆண்டு அதனை ஒரு கொப்பியிற் பிரதி செய்துகொண்டேன்.

முந்திரிகை வைத்திருப்போர் பின்வருவனவற்றை இப்பருவம் முதலே எழுதி வருமாறு வேண்டுகின்றேன்: வெட்டிய திகதி, தடியில் விட்ட கண்களின் எண்ணிக்கை, முதற்பூக் கண்ட திகதி, மழை பெய்த நாட்கள், மருந்து தெளித்த நாளும் மருந்தின் பெயரும், இட்ட பசளை, பறித்த நிறை, விற்ற விலை. தம் பந்தலில் நான்கு வரிசையை மூன்று ஆண்டுக்குப் பரிசோதனைக்காக விட விரும்புவோர் தத்தம் பிரிவு விவசாயப் போதனாசிரியரிடம் மார்கழிக்கு முன் பெயர் கொடுக்கலாம். வரும்போது ஒரு போத்தலிற் கிணற்று நீரும் கொண்டுவருக.